ராசியில்லாதவருக்கு ஒரு டிக்கெட்

ஜனவரி 12, ஞாயிறு

அலைக்கல் யுனைடெட் இன்று நான்காவது முறையாகத் தோற்றது. 0–3. அந்தோனியார் சுழற்கோப்பை லீக்கில் மொத்தம் எட்டு மாட்ச். நாலு முடிந்தது, நாலும் போனது. மார்கழி முடிய இன்னும் ஒரு நாள் இருக்கிறது. கோல் போட வராதவர்களைக் கோலம் போடவாவது அனுப்பிப் பார்க்கலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் காரணம் கண்டுபிடிக்கும் கூட்டம் நடந்தது. கிளீட்டஸ் மாமா தலைமை. அவர் ரசிகர் மன்றச் செயலாளர். பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு டியூஷன் எடுத்து, எடுத்த பாவத்துக்கு இன்னும் வருந்துகிறவர்.

"டிரைவரை மாத்திட்டானுவ, கேட்டியளா. பழைய டிரைவர் வந்திருந்தா இந்த கெதி வருமா?"

"டிரைவர் இல்ல மாமா," என்றார் கொட்டடிக்கும் வியாகுலம் அண்ணன். "நான் சட்டையைத் துவைச்சிட்டேன். எனக்க தப்பாக்கும்."

பஸ் முழுக்க அவரைத் திட்டியது. கோல்கீப்பர் பந்தைப் பிடித்து, பிறகு விட்டு, பிறகு அதன்மேலேயே விழுந்து வலைக்குள் தள்ளியதை யாரும் குறிப்பிடவில்லை.

அப்பா ஜன்னலோரம் இருந்தார். பெயர் தொபியாஸ். பத்தொன்பது வருடமாக ஒரு மாட்ச்சும் விட்டதில்லை. ஊரில் இந்தச் சாதனைக்கு அடுத்த இடத்தில் இருப்பது கோயில் மணி. "ஜெரோனைப் பின்னாடி நிறுத்தி என்ன பிரயோஜனம்? அவன் முன்னாடி ஆட வேண்டிய பய," என்றார் ஜன்னல் கண்ணாடியிடம். கண்ணாடி பதில் சொல்லவில்லை. பஸ்ஸும்.

ஜனவரி 14, செவ்வாய்

லீவு. ஒரு நல்ல காரியம் செய்தேன்.

மன்றத்து வருகை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் கொடுத்தார்கள். ஆள் நன்றாக இருக்கிறாளா என்று விசாரிக்கவில்லை. யார் எந்த மாட்ச்சுக்கு வந்தார்கள் என்று அதில் எல்லாம் இருக்கிறது. சட்டையையும் டிரைவரையும் நம்புகிறவர்களுக்கு ஒரு விஞ்ஞானம் கொடுப்போம் என்று ராசிப் பட்டியல் ஒன்று தயாரித்தேன். முப்பது பேர், ஒவ்வொருவரும் வந்தபோது எத்தனை வெற்றி, வராதபோது எத்தனை என்று சதவீதம் வரை.

சிக்கல் என்னவென்றால் எல்லோரும் எல்லா மாட்ச்சுக்கும் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சதவீதம். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருத்தருக்காவது பூஜ்ஜியம் வேண்டும்.

அப்பா பெயருக்கு நேரே பூஜ்ஜியம் போட்டேன். போன வருடம் ஜெயித்ததே இரண்டு மாட்ச். அந்த இரண்டுக்கும் அவர் வரவில்லை என்று எழுதினேன். இரண்டுக்கும் வந்திருந்தார். வேறு யார் பெயரைப் போட்டாலும் வீட்டு வாசலில் வந்து கத்துவார்கள். அப்பா கத்தமாட்டார்.

அம்மாவின் பழைய சிம்மில் 'புள்ளிவிவரப் புலி' என்ற பெயரில் மன்றத்து வாட்ஸப் குழுவில் பட்டியலைப் போட்டேன்.

ஜனவரி 15, புதன்

அறுபத்து நாலு சிரிப்பு முகங்கள். என் வாழ்நாள் சாதனை.

மாலையில் கிளீட்டஸ் மாமா குழுவில் எழுதினார்: "இதில் சிரிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டிய விஷயம்."

பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

கிளீட்டஸ் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். காப்பி ஆறும்வரை கடல், காற்று, டீசல் என்று பேசிக்கொண்டிருந்தார்.

"தொபியாஸே, ஒண்ணு சொல்லுவேன், மனசுல வைக்காண்டாம்."

"சொல்லும்."

"ஞாயித்துக்கிழமை நீரு வராண்டாம். ஒரு மாட்ச்சு. சும்மா பாப்போம்."

அப்பா காப்பித் தம்ளரை நகர்த்தி வைத்தார். "அந்தப் பட்டியல நானும் கேள்விப்பட்டேன். போன வருசம் நான் வரலேன்னா போட்டிருக்கு?"

"நோட்டுல அப்படித்தான் இருக்குதாம்."

"வந்த மாதிரி ஒரு ஞாபகம்," என்றார் அப்பா. பிறகு, "நோட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும். எனக்க மோளு எழுதுத நோட்டாக்கும்."

நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இதற்குமேல் துருவ ஒன்றுமில்லாமல் சிரட்டையையும் கொஞ்சம் துருவிவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஜெயித்தோம். 1–0.

முன்வரிசைக்காரன் ஒருவனுக்கு அம்மை போட்டிருந்ததால் வேறு வழியில்லாமல் ஜெரோனை முன்னால் விட்டார்கள். கோல் அவன்தான் அடித்தான். பஸ்ஸில் ஜெரோனைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார்கள். அப்பா வராததைப் பற்றி ஒன்றரை மணி நேரம்.

ஜனவரி 25, சனி

3–1. இரண்டு கோல் ஜெரோன்.

அப்பா மாட்ச் இருக்கிற நாளில் மதியம் இரண்டு மணிக்கு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போகிறார். கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டிய தூண்டில் வளைவைத் தாண்டினால் போனில் சிக்னல் கிடையாது. கொட்டுச் சத்தமும் கேட்காது.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு எந்த மீனு ஒங்களுக்காவ காத்துக் கெடக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பாப்போம்."

ஆறு மணிக்கு இரண்டு சாளையோடு வந்தார். வாசலில் நின்று "எத்தன?" என்றார். "மூணு–ஒண்ணு," என்றேன். தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். யார் அடித்தது, எப்படி அடித்தது என்று கேட்கவில்லை. கிளீட்டஸ் மாமாவின் கட்டளை: "ரிசல்ட்டு மட்டும் கேளும். எப்பிடின்னு கேக்காண்டாம். கேட்டா பாத்த மாதிரியாக்கும்."

சாளைகளைப் பூனை தின்றது. பூனைக்கு எங்கள் டீம் ஜெயிப்பது பிடித்துவிட்டது.

பிப்ரவரி 1, சனி

எங்கள் ஊர் மைதானம். கேலரியின் கடைசி வரிசையில் நின்றால் கடல் தெரியும். ஒரே ஒரு வள்ளம் வெளியே கிடந்தது. 2–0. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

கெமிஸ்ட்ரி பரிட்சை. கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் கெமிஸ்ட்ரி இல்லை.

பிப்ரவரி 8, சனி

4–2. எட்டில் நாலு வெற்றி. கடைசி ஆளாகக் கால் இறுதிக்குள் நுழைந்துவிட்டோம், பந்தியில் இலை எடுக்கும்போது உட்காருகிறவனைப் போல.

புள்ளிவிவரப் புலியின் பட்டியலை யாரோ அச்சடித்து மன்றத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில்.

பிப்ரவரி 15, சனி

கால் இறுதி. 1–0. ஜெரோன்.

பிப்ரவரி 22, சனி

அரை இறுதி. 2–1. எல்லாவற்றையும் அரைகுறையாக விடுகிற எங்கள் டீம் முதன்முறையாக அரையைத் தாண்டியது. ஊரில் வெடி போட்டார்கள். பெண்கள் கோயில் முற்றத்தில் ஆடினார்கள். என் அம்மா உட்பட. முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு அலைக்கல் ஃபைனலுக்குப் போகிறது. மார்ச் 2, சிலுவைக்கரை மைதானம், எதிரி பனங்குழி பாய்ஸ். தவக்காலம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

வெடிச் சத்தத்திலேயே அப்பாவுக்கு ரிசல்ட் தெரிந்திருக்கும். இருந்தாலும் வாசலில் நின்று "எத்தன?" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்ததும் டிக்கெட் கூட்டம். சவுக்குக் கம்பில் கட்டிய கேலரி என்பதால் ஊருக்கு நூற்றைம்பது பேர்தான். ஆயிரம் பேருக்கு ஆசை.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஜெயிக்கும்போது வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்குக் கடைசி. தோற்கும்போதும் வந்தவர்களுக்கு முதல். வருகை நோட்டைப் பார்த்து வரிசையாகப் பெயர் வாசிப்பார்கள். கிளீட்டஸ் மாமா நோட்டைத் திறந்து முதல் பெயரைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"முதல் பெயர் விட்டு வாசிக்கேன்," என்றார். "எல்லாருக்கும் காரணம் தெரியும்."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா கூட்டத்துக்கே வரவில்லை. இரண்டாவது பெயரிலிருந்து வாசித்தார்கள்.

நான் எழுந்தேன். "மாமா, அந்தப் பட்டியல் பொய். நான்தான் போட்டேன். புள்ளிவிவரப் புலி நான்தான்."

கிளீட்டஸ் மாமா சிரித்தார். "நீயா? சதவீதமா? எட்டி, பத்தாங்கிளாஸ்ல நீ போட்ட கணக்கெல்லாம் நான்தானே திருத்துனேன்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சத்தியமா மாமா. போன வருசம் அப்பா ரெண்டு மாட்ச்சுக்கும் வந்தாவ. நோட்டைப் பாருங்க."

"நோட்டு ஒனக்க கையிலல்லா இருக்கு, எப்ப வேணும்னாலும் திருத்தலாம். அப்பா மேல பாசம் இருக்கணும் மக்ளே. அதுக்காவ கோயில் முத்தத்துல நின்னு பொய் சொல்லப்பிடாது."

"பட்டியல் பொய்யின்னா ஆறு மாட்ச்சு எப்பிடி ஜெயிச்சோம், சொல்லு?" என்றார் வியாகுலம் அண்ணன். ஜனவரியிலிருந்து துவைக்காத சட்டை. பக்கத்தில் நின்று வாதாட முடியவில்லை.

பிறந்ததிலிருந்து நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் இந்த ஊர் நம்பியிருக்கிறது. சொன்ன ஒரே உண்மைக்கு இந்த வரவேற்பு.

என் பெயர் ரெக்ஸலின், பதினேழாவதாக வாசிக்கப்பட்டது. டிக்கெட் கிடைத்தது. நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அப்பா வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரி வாங்கி வந்தார். எனக்கு மட்டும் இரண்டு.

"கிளீட்டஸ் சொன்னாரு. எனக்காவ கூட்டத்துல எழும்பி நின்னியாமே." பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்காவ எதுக்கு மக்ளே பொய் சொல்லுத? நாலு பேரு ஒன்னை என்ன நெனப்பாவ?"

சொல்லியிருக்கலாம். வாயில் பழம்பொரி இருந்தது. சூடாக வேறு இருந்தது. விழுங்கவே நேரம் பிடித்தது.

பிப்ரவரி 26, புதன்

உண்மையைச் சொன்னால் நம்பாதவர்கள் எதைச் சொன்னால் நம்புவார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கிளீட்டஸ் மாமா வீட்டுக்குப் போனேன்.

"மாமா, அப்பா எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் தோக்கும். அப்படித்தானே?"

"அதுல இனி என்ன சந்தேகம்?"

"அப்ப அவரைப் பனங்குழி கேலரியில உக்கார வெச்சா?"

கிளீட்டஸ் மாமா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டு என்னைப் பார்த்தார். "எட்டி," என்றார் மெதுவாக, "இது ஆயுதமாக்கும்."

அவருடைய மச்சினன் பனங்குழியில் இருக்கிறான். ஒரு டிக்கெட்டும் ஒரு மஞ்சள் சட்டையும் அரை மணி நேரத்தில் ஏற்பாடாயின. "சும்மா போய் இருந்தா போராது," என்றார் மாமா. "மஞ்சச் சட்டை போடணும். அவனுவளுக்குக் கை தட்டணும். மனசார தட்டணும். அப்பத்தான் பலிக்கும்."

பிப்ரவரி 27, வியாழன்

பனங்குழியின் நிறம் என்பதால் அப்பா வீட்டில் மஞ்சள் வாளிகூட வாங்கவிட்டதில்லை. அம்மா குழம்பில் மஞ்சள்தூள் போடுவதைச் சமையல் தேவை என்று மன்னித்துவைத்திருக்கிறார். அவர் முன்னால் கிளீட்டஸ் மாமா அந்தச் சட்டையை விரித்துக் காட்டித் திட்டத்தைச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

அப்பா சட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள போயி உக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டார். "முழு மாட்ச்சும்?"

"முழு மாட்ச்சும்."

"தாரும்," என்று கை நீட்டினார்.

மார்ச் 1, சனி

அம்மா மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டாள். அப்பா முகச்சவரம் செய்தார். ஒருநாள் முன்னதாகவே.

மார்ச் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரே பஸ்ஸில் போனோம். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் எங்கள் நீலச் சட்டைகளோடு பஸ்ஸில் வந்தால் சந்தேகம் வரும் என்று மைதானத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் அப்பாவை இறக்கிவிட்டார்கள். ஒளிந்து வருகிற கல்யாண மாப்பிள்ளையைப் போலச் சாலையோரமாக நடந்து வந்தார்.

நான் எங்கள் கேலரியில். எதிர்க் கேலரியில் நூற்றைம்பது மஞ்சள். அதில் அப்பாவைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. எல்லோரும் கத்தும்போது சும்மா இருந்து, எல்லோரும் ஓய்ந்த பிறகு இரண்டு தட்டு தட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

முதல் பாதி 0–0. இடைவேளை முடிந்து பத்தாவது நிமிடத்தில் பனங்குழி கோல் போட்டது.

"தொபியாஸ் மனசாரத் தட்டல!" என்று கிளீட்டஸ் மாமா கத்தினார். "நான் அப்பமே பாத்தேன். ஒப்புக்குத் தட்டுதாரு. ரெக்ஸி, ஓடு. போய் அப்பாகிட்ட சொல்லு, உண்மையா அவனுவளை சப்போர்ட் பண்ணச் சொல்லு."

நீலச் சட்டைக்குமேல் யாருடைய துப்பட்டாவையோ வாங்கிப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். டிக்கெட் பார்க்கிற அண்ணனிடம் "அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கணும்" என்றேன். பொய் என்றால் உடனே வழி விடுகிறார்கள்.

அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். மாமா சொல்லியனுப்பியதைச் சொல்ல நான் வாய் திறக்குமுன் என் கையைப் பிடித்தார். கை சூடாக இருந்தது.

"ஜெரோனைப் பாத்தியா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுற்றிலும் எதிரிகள். "முன்னாடி விட்டுட்டானுவ! நான் சொன்னேன்லா? பந்தை வாங்கின உடனே திரும்புதான் பாரு. அந்தத் திருப்பம்! எப்ப இருந்து இப்பிடி ஆடுதான்?"

"அந்த 1–0 மாட்ச்ல இருந்து," என்றேன். "நீங்க வராத முதல் மாட்ச்."

"ஆறு மாட்ச்சாவா?"

"ஆறு மாட்ச்சா."

அவர் சிரித்துக்கொண்டே மைதானத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த மஞ்சள் அம்மா எங்களுக்குக் கடலை நீட்டினாள். வாங்கிக்கொண்டோம்.

நான் சொன்னேன். "அப்பா, பட்டியல் போட்டது நான்தான். கூட்டத்துல சொன்னது பொய் இல்ல. போன வருசம் ரெண்டு மாட்ச்சுக்கும் நீங்க வந்தீங்க. ரெண்டாவதுல மழை. கொடியை அவிழ்த்து என் தலையில போட்டுட்டு நீங்க நனைஞ்சீங்க. நோட்டுல இருக்கு. பட்டியல்ல நான் மாத்திப் போட்டேன். சும்மா, சிரிக்கதுக்கு."

அவர் கை என் கையிலிருந்து போனது. அப்படி ஒன்றும் வேகமாக இல்லை.

அதற்குப் பிறகு ஜெரோன் ஒரு கோல் போட்டான். இரண்டு பேரைத் தாண்டி, திரும்பி, இடது மூலையில். எதிர்ப்பக்கம் எங்கள் கேலரி இடிந்து விழுகிற மாதிரி ஆடியது. மஞ்சள் கேலரியில் சத்தமே இல்லை. அப்பா எழவில்லை. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்திருந்தார். முகத்தை நான் பார்க்கவில்லை. கடலைத் தோலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

1–1. டை பிரேக்கரில் 3–4. தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் அழுகை ஓய்ந்ததும் காரணம் கண்டுபிடிக்கும் கூட்டம் தொடங்கியது.

"தொபியாஸ் அந்தப் பக்கம் தனியா இருந்தவரை என்ன ஆச்சு? ஒரு கோல்தான் வாங்குனோம்," என்றார் வியாகுலம் அண்ணன். "டை பிரேக்கர்ல யாரு போயி பக்கத்துல உக்காந்திருந்தா?"

பஸ் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

"இவளாக்கும்!" என்றார் கிளீட்டஸ் மாமா. "அவரு ராசியை இவ போயி அழிச்சிட்டா. எட்டி, அடுத்த வருசம் நீ வராண்டாம்."

அனுப்பியதே நீங்கள்தானே என்று நான் கேட்கவில்லை. அப்பா மஞ்சள் சட்டையோடு ஜன்னலோரம் இருந்தார்.

நிறுத்தத்திலிருந்து வீடுவரை எனக்கு முன்னால் நடந்தார். கோயில் திருப்பத்தில் நின்றார்.

"ஒனக்குத் தெரியுமா மக்ளே," என்றார். திரும்பவில்லை. "பத்தொம்பது வருசத்துல நம்ம பயலுவ நல்லா ஆடுனதே இந்த ஆறு மாட்ச்சுதான். நான் அதுல ஒண்ணுகூட பாக்கல."

பதில் சொல்ல ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். எப்போதும் தோன்றும்.

"நாளைக்கு நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருந்து சொல்லணும்," என்றார். "ஆறு மாட்ச்சும். விசில் அடிச்சதுல இருந்து."

மார்ச் 3, திங்கள்

முதல் மாட்ச் சொன்னேன். தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அப்பா வலைக் கிழிசலைத் தைத்தபடி கேட்டார். சிரிக்கவில்லை. ஒரு இடத்தில் ஞாபகமில்லாமல், ஜெரோன் தலையால் முட்டினான் என்று விட்டேன்.

"பொய்," என்றார். "அவன் தலைக்குப் பந்து வந்தா கண்ணை மூடுவான். நடந்ததைச் சொல்லு."

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாவது மாட்ச். மூன்று இடத்தில் பிடிபட்டேன். கார்னரை யார் எடுத்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றெல்லாம் கேட்கிறார். இரண்டாவது கோலைச் சொன்னபோது ஊசியை வைத்துவிட்டு, "இன்னொருக்க சொல்லு," என்றார். சொன்னேன். "ம்," என்றார்.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலுக்குப் போய்வந்து, நெற்றியில் சாம்பலோடு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மூன்றாவது மாட்ச். எங்கள் ஊர் மைதானம், 2–0.

"முதல் கோல் எப்பிடி வந்துது?"

"தெரியாது."

"ஏன், நீ இல்லியா?"

"இருந்தேன். பாக்கல."

"பின்ன என்ன செய்துகிட்டு இருந்த?"

"வெயில் கண்ணுல அடிச்சுது," என்றேன்.

எங்கள் கேலரிக்கு நாலு மணி வெயில் முதுகுப்பக்கம், கடலிலிருந்துதான் அடிக்கும். பத்தொன்பது வருடம் அங்கே உட்கார்ந்தவருக்கு அது தெரியும்.

பொய் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அடுத்த கண்ணியை எடுத்தார்.

"சரி," என்றார். "ரெண்டாவது கோல் சொல்லு."